பேக்கர்ஸ் இந்த டிராஃப்டில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்து வளர்க்க வேண்டுமா?

பனித்திடல் | ஏப்ரல் 9, 2025

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை ஏழு ரவுண்டில் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அதுவும் இந்த முறை நம் பேக்கர்ஸின் ஊரான கிரீன் பேயிலேயே நடக்கிறது. இங்கே எந்த இழையைத் திறந்தாலும் ரிசீவர், கார்னர்பேக், டிஃபென்சிவ் எண்ட் என்றே பேச்சு ஓடுகிறது. நான் கேட்க நினைப்பது வேறு. நான்காவது அல்லது ஐந்தாவது ரவுண்டில் ஒரு குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆளை) எடுத்து, இரண்டு வருடம் உட்காரவைத்து வளர்க்கலாமா?

போன சீசனை நினைத்துப் பாருங்கள். முதல் ஆட்டமே சாவ் பாலோவில். தோற்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்ட கடைசி நொடிகளில் நம் முதல் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வுக்கு முழங்கால் போயிற்று. அக்டோபரில் ஜாக்சன்வில்லில் தொடை இடுக்குத் தசை பிடித்துக்கொண்டது. கடைசி வாரம் பேர்ஸ் ஆட்டத்தில் முழங்கையில் அடி. ஒரே சீசனில் மூன்று தடவை பேக்கப்பான (மாற்று ஆளான) மாலிக் வில்லிஸ் உள்ளே வர வேண்டியிருந்தது. கோல்ட்ஸையும் டைட்டன்ஸையும் அவரே தொடங்கி ஜெயித்தார். ஜாக்சன்வில்லிலும் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். 54 பாஸ் எறிந்து 40 சேர்ந்தன, 3 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை.

அந்த வில்லிஸின் ஒப்பந்தம் வரும் சீசனோடு முடிகிறது. இப்படி ஆடியவருக்கு வேறு அணி நல்ல பணம் கொடுத்துக் கூப்பிடும், நாம் தடுக்க முடியாது. லவ்வுக்கு 4 வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்கு மேல் பேக்கப்புக்கும் பெரிய தொகை கொடுத்தால் மற்ற இடங்களில்தான் கை வைக்க வேண்டும். டிராஃப்டில் வரும் பையனுக்கு நான்கு வருட ஒப்பந்தம், முதல் வருடக் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். 2026இல் நமக்கு ஒரு இரண்டாம் ஆள் வேண்டுமென்றால் அவரை இப்போதே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். நம் முறை வரும் 124 அல்லது 159ஆவது இடத்தில் ஒஹையோ ஸ்டேட் வில் ஹவர்டோ, நோட்ரே டேம் ரைலி லெனர்டோ கிடைத்தால் நான் எடுப்பேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாலாவது டவுன் | ஏப்ரல் 9

நண்பரே, கவலை நியாயமானது, ஆனால் மருந்து தவறு.

பிரெட் ஹண்ட்லியை மறந்துவிட்டீர்களா? 2015இல் ஐந்தாவது ரவுண்டில் மேலே ஏறிப்போய் 147ஆவது ஆளாக அவரை எடுத்தோம். இரண்டு முழு சீசன் அப்போதைய முதல் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் வருடம் ப்ரீ சீசனில் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில்) அவர் ஆடியதைப் பார்த்து நானே மயங்கினேன். 2017 அக்டோபரில் மினசோட்டாவில் ராட்ஜர்ஸின் காலர் எலும்பு உடைந்தது. நாம் வளர்த்த பையன் உள்ளே வந்தார். அவர் தொடங்கிய ஒன்பது ஆட்டங்களில் 3 வெற்றி, 6 தோல்வி. 9 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். 2008க்குப் பிறகு முதல் முறையாக நாம் பிளேஆஃப்புக்குப் போகவில்லை. மறு வருடமே அவரை ஒரு ஆறாவது ரவுண்டு பிக்குக்கு (தேர்வு வாய்ப்புக்கு) வேறு அணியிடம் கொடுத்துவிட்டோம்.

இதே ரவுண்டுகளில் நாம் வேறு யாரை எடுத்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். ஜோஷ் சிட்டன், டி.ஜே. லாங், டேவிட் பாக்டியாரி, ஜே.சி. ட்ரெட்டர், சாக் டாம் எல்லோரும் நான்காவது ரவுண்டு. கோரி லின்ஸ்லி ஐந்தாவது. குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் ஆஃபென்சிவ் லைனுக்கு ஆள் பிடிப்பதில் இந்த அணிக்கு இருக்கும் கண் வேறு யாருக்கும் கிடையாது. அந்த பிக்கை எடுத்து, ஆடவே கூடாது என்று நாமே வேண்டிக்கொள்ளும் ஒருவருக்குக் கொடுப்பதா? லவ் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு டேக்கிளை எடுங்கள். எனக்குத் தெரிந்த பேக்கப் திட்டம் அதுதான்.

ஆப்பிள்டன் அகிலா | ஏப்ரல் 10

நாலாவது டவுன் அண்ணா, நீங்கள் 2017ஐச் சொன்னீர்கள். நான் 2013ஐச் சொல்கிறேன்.

நவம்பர் 4, திங்கள் இரவு, பேர்ஸ் ஆட்டம். நானும் கணவரும் நம் லாம்போ அரங்கில் இருந்தோம். எனக்கு அது இரண்டாவது ஆட்டம்தான். முதல் டிரைவிலேயே ராட்ஜர்ஸ் விழுந்தார், தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அரங்கமே அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை.

அன்று உள்ளே வந்தவர் செனெகா வாலஸ். அவர் நம்மிடம் சேர்ந்ததே செப்டம்பர் தொடக்கத்தில்தான். வளர்க்க வேண்டும் என்று வைத்திருந்த கிரஹாம் ஹாரல், பி.ஜே. கோல்மன் இருவரையும் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் வாலஸும் முதல் டிரைவிலேயே அடிபட்டார். அப்புறம் ஸ்காட் டோல்சீன். அதற்கப்புறம் வேறு வழியில்லாமல் மேட் ஃபிளினைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த பேர்ஸ் ஆட்டத்திலிருந்து ஐந்து ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. வைக்கிங்ஸோடு 26-26 என்று ஒரு டை, அவ்வளவுதான்.

பிறகு ஃபிளின்தான் ஃபால்கன்ஸை ஒரு புள்ளியில் ஜெயித்தார். டல்லாஸில் பாதி ஆட்டம் முடியும்போது 26-3 என்று பின்தங்கியிருந்து 37-36 என்று ஜெயித்தார். அந்த இரண்டு வெற்றி இல்லாவிட்டால் கடைசி வாரம் ராட்ஜர்ஸ் திரும்பி வந்ததற்கே அர்த்தம் இருந்திருக்காது. 8-7-1 என்ற கணக்கில் டிவிஷனை எடுத்தோம்.

ஃபிளின் யார்? 2008இல் ஏழாவது ரவுண்டில், 209ஆவது ஆளாக நாம் எடுத்து நான்கு வருடம் வளர்த்தவர். வேறு மூன்று அணிக்குப் போய் எங்கும் நிலைக்கவில்லை. ஆனால் இங்கே வந்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் பனித்திடல் பக்கம்.

டொராண்டோ தம்பி | ஏப்ரல் 10

மன்னிக்கவும், நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்து, பயிற்சிக்கு வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் போட்டுவிட்டால் போதாதா? அங்கே 16 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். முதன்மை அணியின் 53 பேரில் ஒரு இடம் எதற்கு?

பழைய ஏடு | ஏப்ரல் 10

தம்பி, நல்ல கேள்வி. பிராக்டிஸ் ஸ்குவாடில் போடுவதற்கு முன்னால் அந்தப் பையனை முதலில் அணியிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவித்ததும் அவர் வேவர்ஸ் பட்டியலுக்குப் போவார். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம், நமக்கு ஒரு பைசா வராது. யாரும் எடுக்காவிட்டால்தான் நம்மிடம் திரும்புவார்.

போன வருடமே நடந்தது. ஏழாவது ரவுண்டில் துலேன் பல்கலையின் மைக்கேல் பிராட்டை எடுத்தோம். ஆகஸ்ட் கடைசியில் விடுவித்தோம். மறுநாளே தாம்பா பே எடுத்துக்கொண்டது. நான்கு மாத உழைப்பு அங்கே போய்விட்டது. அதே சமயம் ஷான் கிளிஃபர்டை விடுவித்தபோது யாரும் எடுக்கவில்லை, அவர் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்தார். அதிலேயே விஷயம் இருக்கிறது: மற்றவர்களுக்கு வேண்டாதவரைத்தான் அந்த வழியில் வைத்துக்கொள்ள முடியும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். இந்த அணியின் வரலாறே குவார்ட்டர்பேக்கை வளர்த்த வரலாறு. 1991இல் ரான் உல்ஃப் பொது மேலாளராகப் பொறுப்புக்கு வந்தார். பிரெட் ஃபார்வ் என்ற ஆள் கையில் இருக்கும்போதே டிராஃப்டில் குவார்ட்டர்பேக் எடுப்பதை அவர் விடவில்லை. 1992இல் டை டெட்மர், 1993இல் மார்க் ப்ரூனெல், 1998இல் மேட் ஹாசல்பெக், 1999இல் ஆரன் ப்ரூக்ஸ். 1994இல் கர்ட் வார்னர்கூட நம் பயிற்சி முகாமுக்கு வந்து போனவர்தான். ஃபார்வ் நமக்காக மட்டும் 253 ஆட்டங்களைத் தொடர்ந்து தொடங்கினார். அதனால் இவர்கள் யாரும் இங்கே நாயகராக முடியவில்லை. ஆனாலும் நஷ்டமில்லை. 1995இல் ப்ரூனெலைக் கொடுத்து ஜாக்சன்வில்லிடம் மூன்றாவது, ஐந்தாவது ரவுண்டு பிக்குகள் வாங்கினோம். அந்த மூன்றாவது ரவுண்டில் வந்தவர் ஃபுல்பேக் வில்லியம் ஹெண்டர்சன். 12 சீசன் நமக்கு ஆடினார்.

வளர்த்தால் ஒன்று நமக்கு உதவும், இல்லாவிட்டால் விலை போகும். நான் எடுக்கச் சொல்கிறேன்.

நாலாவது டவுன் | ஏப்ரல் 11

பெரியவரே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் உல்ஃப் காலத்துக் கணக்கு இன்று செல்லாது. டெட்மரை எடுத்தது ஒன்பதாவது ரவுண்டில், அந்த வருடம் பன்னிரண்டு ரவுண்டு இருந்தது. இன்று ஏழுதான். அன்று ஒன்பதாவது ரவுண்டில் வந்தவர் இன்று ஏழாவது ரவுண்டின் கடைசியிலோ டிராஃப்டே ஆகாமலோ வருபவருக்குச் சமம். அப்படி வருபவரை எடுங்கள், நான் தடுக்கவில்லை.

விற்று லாபம் பார்க்கும் கதையிலும் இன்னொரு பக்கம் உண்டு. 2001இல் ஹாசல்பெக்கையும் நம் 17ஆவது பிக்கையும் சியாட்டிலுக்குக் கொடுத்தோம். பதிலுக்கு 10ஆவது பிக்கும் ஒரு மூன்றாவது ரவுண்டு பிக்கும் கிடைத்தன. பத்தாவது இடத்தில் நாம் எடுத்தவர் ஜமால் ரெனால்ட்ஸ், எடுபடவே இல்லை. பதினேழாவது இடத்தில் சியாட்டில் எடுத்தவர் ஸ்டீவ் ஹட்சின்சன், இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அதே ஹாசல்பெக் அவர்களை இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார்.

வில்லிஸ் எப்படி வந்தார் என்பதையும் யோசியுங்கள். டைட்டன்ஸ் அவரை 2022இல் மூன்றாவது ரவுண்டில், 86ஆவது ஆளாக எடுத்தது. இரண்டு வருடம் அவர்கள் செலவு, அவர்கள் பயிற்சி. போன ஆகஸ்டில் ஒரு ஏழாவது ரவுண்டு பிக்குக்கு நமக்கு வந்தார். மூன்றே வாரத்தில் கோல்ட்ஸுக்கு எதிராகத் தொடங்கினார். நம் தலைமைப் பயிற்சியாளர் லஃப்ளோர் அவரை 14 பாஸ் மட்டும் எறியவைத்து, அணியை 261 யார்டு ஓடவைத்தே ஆட்டத்தை ஜெயித்தார். வேறு அணி எடுத்து, பொறுமையிழந்து, கைவிட்ட ஆட்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கிடைப்பார்கள்.

கார்டு பிடிப்பவன் | ஏப்ரல் 12

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விஸ்கான்சினில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்கு உதவிப் பயிற்சியாளராக ஆறு வருடமாக இருக்கிறேன். "வளர்ப்பது" என்ற சொல்லை எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் அது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

சீசன் தொடங்கிவிட்டால் பயிற்சியில் வரும் ஸ்னாப்களில் (பந்தை ஆட்டத்துக்குக் கொடுக்கும் முறைகளில்) பெரும்பகுதி முதல் ஆளுக்குத்தான். இரண்டாம் ஆளுக்கு மிச்சம் மீதி. மூன்றாம் ஆள் என்ன செய்வார் தெரியுமா? ஸ்கவுட் டீமில் நின்று, அடுத்த எதிரணியின் ஆட்டத்தை அட்டையில் பார்த்து, நம் டிஃபென்ஸுக்கு நடித்துக் காட்டுவார். நான் பள்ளி மைதானத்தில் பிடித்து நிற்கும் அதே அட்டைதான். அதாவது செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை நம் சொந்த ஆட்டமுறையை அவர் கால்களால் பழகுவதே இல்லை. வீடியோ அறையில் கண்ணால் படிக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு எங்கே வளர்வார்? வசந்த காலத்தில், கோடையில், ப்ரீ சீசனில். ராட்ஜர்ஸ் 2005இல் வந்தபோது பந்தைக் காதுக்கு அருகே உயர்த்திப் பிடிப்பார். தலைமைப் பயிற்சியாளராக மைக் மெக்கார்த்தியும் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக டாம் கிளெமென்ட்ஸும் வந்து, சீசன் இல்லாத மாதங்களில் குவார்ட்டர்பேக் பள்ளி என்றே ஒன்றை நடத்தி, பிடியைக் கீழே இறக்கி, கால் வைப்பை மாற்றினார்கள். மூன்று வருடம் எடுத்தது. லீகும் வீரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தத்தில் அந்த மாதங்களின் பயிற்சிக் காலத்தை 14 வாரத்திலிருந்து 9 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். 2021இலிருந்து ப்ரீ சீசன் நான்கு ஆட்டத்திலிருந்து மூன்றாகிவிட்டது. இளம் வீரர்கள் போய் ஆடிப் பழகிய ஐரோப்பிய லீகை 2007இலேயே மூடிவிட்டார்கள். கர்ட் வார்னர் ஆம்ஸ்டர்டாமில் ஆடித்தான் தேறினார். இன்று அப்படி ஒரு இடம் நம் பையனுக்கு இல்லை.

அதனால் ஐந்தாவது ரவுண்டுப் பையனை எடுத்தால் அவர் கையில் இருப்பது இரண்டு கோடையும் ஆறு ப்ரீ சீசன் ஆட்டமும். எதைத் திருத்த முடியும் என்று தெரிந்து எடுக்க வேண்டும். கால் வைப்பைத் திருத்தலாம். எதிரணி நம் ரிசீவர்களை எப்படி மறிக்கிறது என்ற கவரேஜைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். குறி தவறும் கையை இந்தக் காலத்துக்குள் திருத்த முடியாது என்பது என் அனுபவம். கையில் பலம் மட்டும் உள்ள பையனைவிட, கல்லூரியில் நிறைய ஆட்டம் தொடங்கி, பந்தைச் சரியான நேரத்தில் விடத் தெரிந்த பையனே மேல்.

இன்னொன்றும் உண்டு. கிளெமென்ட்ஸ் போன சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். ராட்ஜர்ஸ், லவ், வில்லிஸ் மூவரையும் தொட்ட கை அது. இப்போது அந்த வேலைக்கு ஷான் மேனியன் வந்திருக்கிறார். அவரே பல வருடம் பேக்கப்பாக இருந்தவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர். அது நல்லது. ஆனால் பயிற்சியாளராக அவர் இப்போதுதான் தொடங்குகிறார்.

பனித்திடல் | ஏப்ரல் 12

கார்டு பிடிப்பவன் சார், இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. இரண்டு முறை படித்தேன்.

பிராட் கதையையும் உங்கள் பதிவையும் சேர்த்து யோசித்தபோது, நான் முதலில் கேட்ட கேள்வியே குறையுள்ளது என்று தோன்றுகிறது. எந்த ரவுண்டில் எடுத்தோம் என்பதைவிட, எடுத்த பிறகு 53 பேரில் இடம் கொடுத்து வைத்திருந்தோமா என்பதுதான் பெரிது.

டாம் பிரேடி 2000இல் 199ஆவது ஆள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடம் பேட்ரியட்ஸ் நான்கு குவார்ட்டர்பேக்குகளை அணியில் வைத்திருந்தது, நான்காவது பிரேடி என்பதை யாரும் சொல்வதில்லை. அவரை விடுவித்துவிட்டு பிராக்டிஸ் ஸ்குவாடில் போட நினைத்திருந்தால்? புராக் பர்டி 2022இல் டிராஃப்டின் கடைசி ஆள், 262. ட்ரே லான்ஸ், ஜிம்மி கரோபலோ இருவரும் இருந்தும் நைனர்ஸ் அவரை மூன்றாவதாக அணியில் வைத்திருந்தது. அந்த இருவரும் அடிபட்டார்கள், டிசம்பரில் அவர் உள்ளே வந்தார். நம் லவ்வே 2020இல் முதல் சீசன் முழுக்க ஒரு ஆட்டத்துக்கும் உடை மாற்றாமல் மூன்றாம் ஆளாக இருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இப்போதைய சாம்பியன் ஈகிள்ஸ். 2023இல் ஆறாவது ரவுண்டில் டானர் மெக்கீயை எடுத்தார்கள். இரண்டு வருடம் அணியிலேயே வைத்திருந்தார்கள். போன டிசம்பரில் ஜேலன் ஹர்ட்ஸ் வெளியே, கென்னி பிக்கெட்டும் கௌபாய்ஸ் ஆட்டத்தில் வெளியே. மெக்கீ வந்து இரண்டு டச்டவுன் எறிந்தார். அடுத்த வாரம் ஜயன்ட்ஸையும் ஜெயித்தார். இந்த மார்ச்சில் பிக்கெட்டை பிரவுன்ஸுக்குக் கொடுத்துவிட்டு மெக்கீயை இரண்டாம் ஆளாக்கிவிட்டார்கள்.

அந்த இடத்தை ஒதுக்க நம் பொது மேலாளர் குட்டகுன்ஸ்ட் தயாராக இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். அந்த அளவுக்கு நாலாவது டவுன் சொல்வதை ஏற்கிறேன். ஒதுக்கத் தயார் என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும்.

நாலாவது டவுன் | ஏப்ரல் 13

சரி, இப்போது பேச்சு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

அந்த ஒரு இடத்தை யாரிடமிருந்து எடுப்பீர்கள்? ஐந்தாவது சேஃப்டியா, ஆறாவது ரிசீவரா? அவர்கள்தான் கிக்கில் ஓடுபவர்கள். கிக் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸால் 2021 பிளேஆஃப்பில் நைனர்ஸிடம் நாம் பட்டது நினைவிருக்கும். நாம் உதைத்த பண்ட் தடுக்கப்பட்டு அவர்களுக்கு டச்டவுன், 13-10 தோல்வி. அந்தக் குளிர் ராத்திரி என்னால் தூங்க முடியவில்லை.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு வாதத்தை நானே தருகிறேன். 2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் பர்டியின் முழங்கை போய், அடுத்து வந்த ஜோஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு, நைனர்ஸுக்குப் பந்தை எறிய ஆளே இல்லாமல் 31-7 என்று தோற்றது. அதற்குப் பிறகு அந்த மே மாதம் விதியை மாற்றினார்கள். மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அன்றைய ஆட்டப் பட்டியலில் சேர்க்காமலேயே அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதனால் ஆட்ட நாளில் ஒரு சேஃப்டியை இழக்க வேண்டியதில்லை. இடத்தின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆறாவது ரவுண்டுக்கு நான் இறங்கி வருகிறேன். நான்காவதுக்கு மாட்டேன்.

ஆப்பிள்டன் அகிலா | ஏப்ரல் 13

ஆறாவது ரவுண்டுக்கு அண்ணா சம்மதித்துவிட்டார்! 26ஆம் தேதி சனிக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு அங்கே இருப்போம். 198ஆவது பிக் அறிவிக்கும்போது கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பனித்திடல் | ஏப்ரல் 27

டிராஃப்ட் முடிந்தது. எட்டு பிக், ஒரு குவார்ட்டர்பேக்கும் இல்லை.

மேத்யூ கோல்டனை முதல் ரவுண்டில் எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். 2002இல் ஜாவன் வாக்கருக்குப் பிறகு முதல் ரவுண்டில் ஒரு ரிசீவர். ஆனால் 159ஆவது இடம் வந்தபோது ஹவர்ட், லெனர்ட், சிராக்யூஸின் கைல் மெக்கார்ட் மூவருமே மிச்சம் இருந்தார்கள். நாம் எடுத்தது காலின் ஆலிவர், ஓடிப்போய் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கும் ஆள். அடுத்த 30 பிக்குகளுக்குள் மூவரும் போய்விட்டார்கள். 185இல் ஹவர்டை ஸ்டீலர்ஸ், 189இல் லெனர்டை கோல்ட்ஸ். 181இல் மெக்கார்டை எடுத்தது யார் தெரியுமா? ஈகிள்ஸ். மெக்கீ ஒரு படி மேலே ஏறியதும் கீழே அடுத்தவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு இதை நாம்தான் செய்துகொண்டிருந்தோம். எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாலாவது டவுன் | ஏப்ரல் 27

வருத்தம் புரிகிறது. இரண்டாவது ரவுண்டில் வந்த ஆண்டனி பெல்டனைப் பாருங்கள், மலை மாதிரி டேக்கிள். லவ் நின்று எறிய ஒரு நொடி கூடுதலாகக் கிடைத்தால் இந்த இழையே தேவைப்படாது. ஆனால் 2026 பற்றி நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, அதை மறுக்கவில்லை.

அகிலா அம்மா, 198 அறிவிக்கும்போது அங்கே இருந்தீர்களா?

ஆப்பிள்டன் அகிலா | ஏப்ரல் 28

இருந்தோம் அண்ணா. டிஃபென்சிவ் டேக்கிள் வாரன் பிரின்சன். பையன் குதித்தான், நான் கைதட்டினேன், மனம் மட்டும் ஒட்டவில்லை.

டொராண்டோ தம்பி | மே 6

யாராவது பார்த்தீர்களா? புதியவர்கள் முகாமில் சோதித்துப் பார்த்துவிட்டு டெய்லர் எல்கெர்ஸ்மாவை ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள்! எங்கள் ஊர்ப் பையன். வாட்டர்லூவில் உள்ள வில்ஃப்ரிட் லாரியே பல்கலை, டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போன வருடம் கனடாவின் பல்கலை வீரர்களில் சிறந்தவருக்கான ஹெக் கிரைட்டன் விருது அவருக்குத்தான். அங்கே ஆடுவது மூன்று டவுன் ஆட்டம் (பத்து யார்டு போக இங்கே நான்கு முயற்சி, அங்கே மூன்றுதான்), மைதானமும் அகலம். அதிலிருந்து வந்து இதைப் பழக எவ்வளவு காலம் ஆகும், கார்டு பிடிப்பவன் சார்?

கார்டு பிடிப்பவன் | மே 6

தம்பி, மூன்று டவுனில் ஆடியவர் இரண்டாவது டவுனிலேயே எறியப் பழகியிருப்பார், அது கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் அங்கே ரிசீவர்கள் ஸ்னாப்புக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடலாம், ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு பேர். இங்கே கண் பார்க்கும் படமே வேறு. எத்தனை காலம் என்று கேட்டால், ஒரு கோடை நிச்சயம் போதாது. ஆகஸ்ட் 9 ஜெட்ஸ் ஆட்டத்தில் அவர் இறங்கினால் பந்தைப் பார்க்காதீர்கள், பின்னால் வரும்போது கால்களைப் பாருங்கள்.

பனித்திடல் | மே 7

டிராஃப்ட் பிக் எதுவும் செலவழிக்காமல் வந்திருக்கிறார், நாலாவது டவுனுக்கும் ஆட்சேபம் இருக்காது. நான் கேட்பது அதே கேள்விதான். ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் பட்டியல் வரும் நாளில் இதே இழையைத் திறந்து, குவார்ட்டர்பேக் வரிசையில் எத்தனை பெயர் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.